நாத்தனார் கடையில் ஒரு பொய்க் கணினி

மார்ச் 4, செவ்வாய்

நாத்தனாரின் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் இயந்திரத்தை இயக்குகிற கணினி இரும ஆரம்பித்துவிட்டது. எங்கள் கல்யாணத்தைவிடக் கொஞ்சம் இளையது, அவ்வளவுதான். அதிலுள்ள மென்பொருளைச் செய்த கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. புதுக் கணினியில் அது ஏறாது. கணினி போனால் இயந்திரம் வெறும் இரும்பு, கடைக்குப் பூட்டு.

ஆபீசில் சர்வர் மேய்ப்பவள் இல்லையா, வாயைக் கொடுத்தேன். "பழைய வட்டை, அதான் ஹார்ட் டிஸ்க்கை, அப்படியே பிரதி எடுத்து, புதுக் கணினிக்குள்ள ஒரு பொய்க் கணினி உண்டாக்கி அதுல ஓட விட்டுடலாம். பழைய பெட்டியிலதான் இருக்கோம்னு மென்பொருள் நினைச்சுக்கும்."

நாத்தனார் மேலும் கீழும் பார்த்தாள். "வருமா அண்ணி? இல்லேன்னா சொல்லிடுங்க, அடுத்த தெருவுல ஒரு ரிப்பேர்காரர் இருக்காரு."

ரிப்பேர்காரராம்.

மார்ச் 6

கடைக்குப் புதுக் கணினி வந்தது, பிரதியும் எடுத்தாயிற்று. பொய்க் கணினிக்கு நினைவகம், செயலி எல்லாம் தாராளமாக ஒதுக்கினேன் — புது மாப்பிள்ளைக்குப் பரிமாறுவதுபோல. துவக்கும் முறை பழையதா, புதியதா என்று ஒரு கேள்வி வந்தது. புதியதுக்கு என்ன குறைச்சல்? புதியதைத் தட்டினேன்.

கறுப்புத் திரை. 'துவக்க வட்டு எதுவும் இல்லை.'

"இருக்கே, இதோ இருக்கே" என்று திரையிடமே சொன்னேன். நாத்தனார் வாசலுக்குப் போய் அடுத்த தெருப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 8, சனி

துவக்க வரிசையில் வட்டை மேலே ஏற்றினேன், கீழே இறக்கினேன். அதே கறுப்பு. பிரதிதான் பழுது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இன்னொன்று எடுக்கப் பழைய கணினியை முடுக்கினேன். பாதியில் 'டொக்'. அப்புறம் அதன் மின்விசிறி மட்டும் சுற்றியது.

"என்ன அண்ணி சத்தம்?"

"வட்டு."

"என்ன ஆச்சு அதுக்கு?"

"போயிடுச்சு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். "திங்கக்கிழமை பஸ் டிரைவர் ஒருத்தர் வர்றாரு. கண்ணாடி இல்லாம அவரை வண்டி எடுக்க விட மாட்டாங்க. நான் என்னன்னு சொல்றது?"

இனி இருப்பது, பழுது என்று நான் முத்திரை குத்திய முதல் பிரதி மட்டும். அழிக்காமல் வைத்திருந்தேன். முன்ஜாக்கிரதை என்று எழுத ஆசைதான், சோம்பல்.

மார்ச் 9, ஞாயிறு

கணவர் போனில் தங்கையிடம், "அண்ணி பெரிய ஆளு, பார்த்துக்குவா" என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம், "நிஜமாவே பார்த்துக்குவியா?"

பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன். பிரதியில் தப்பில்லை என்றால் தப்பு யாரிடம்? மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அந்தக் கிழக் கணினி வட்டில் புதிய முறை தேடுகிற துவக்கக் கோப்பு எங்கிருந்து வரும்? அது பழைய முறையில் எழுந்து பழகின கட்டை!

கடையைத் திறக்கச் சொல்லி ஓடினேன். துவக்கும் முறையை மட்டும் நடுவில் மாற்ற விடமாட்டேன் என்றது பொய்க் கணினி. அதைக் கலைத்துப் பழைய முறையில் இன்னொன்று கட்டி, முதல் பிரதியை அதில் கோத்தேன். மங்கின நீலத்தில் பழைய திரை எழுந்தது.

இயந்திரம் அசையவில்லை. எப்படி அசையும்? அதன் கேபிள் வந்து சேரும் சீரியல் போர்ட்டைப் பொய்க் கணினிக்குக் கொடுக்கவே இல்லையே. கொடுத்தேன். உறுமியது.

நாத்தனார் டிரைவருக்கான முதல் லென்ஸைப் பிரேமில் பொருத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்ப முதல் பிரதி நல்லாத்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீங்கதான்..."

"நான்தான்."

சிரித்துவிட்டாள். "ரிப்பேர்காரரா இருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு."

கிளம்புமுன் பிரதிக்கும் பிரதி எடுத்துவைத்தேன். புதுக் கணினிக்கு மின்சாரம் வந்ததும் பொய்க் கணினி தானாக எழும்படியும் அமைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

காலை முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. மதியம் பொறுக்காமல் நானே கூப்பிட்டேன்.

"கணினி எழுந்துச்சா?"

"எது? ஓ, அதுவா. லென்ஸ் வெட்டிக்கிட்டிருக்கேன் அண்ணி, கூட்டமா இருக்கு. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள்.