டேங்க் மேல் வைத்த டம்ளர்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. முழுசாக நலம் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இளைத்துப் போயிருப்பீர்கள் என்று தங்கச்சி தினமும் ஒரு தடவையாவது அப்பாவிடம் சொல்லிவிடுகிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் என் வாய் சரியில்லாத வாய். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் ஏதாவது ஜோக் அடித்து மழுப்பிவிடுவேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இது ஐந்தாவது தாள்.

தங்கச்சிக்கு மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. கைத்தடி ஊன்றி நடக்கிறாள். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுகிறாள். முட்டி முழுசாக மடங்க இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்கிறார் டாக்டர். மடங்காமலே போனாலும் போகலாம் என்பதை என்னிடம் தனியாகச் சொன்னார். அலுவலகத்தில் அவளுக்குக் கீழ்த்தளத்திலேயே மேசை கொடுத்துவிட்டார்கள்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா பேசியது எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. "ஒழுங்கா ஓட்டத் தெரியாதவனுக்கு எதுக்குடா வண்டி? என் பொண்ணைக் கொண்டுபோய் ரோட்டுல தள்ளிட்டான்" என்று நர்ஸ், வாட்ச்மேன் எல்லோர் முன்னாலும் கத்தினார். மார்க்கெட் முனையில் திரும்பும்போது வண்டி தானாக அணைந்துவிட்டது என்று நீங்கள் ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். யாரும் காதில் வாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். மூன்றே வாரத்தில் அந்தத் தூரத்து வேலையை ஒப்புக்கொண்டு கிளம்பியும்விட்டீர்கள். நான் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் வண்டி நாலு மாதமாக என் பட்டறை மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. போன புதன்கிழமை தங்கச்சி கைத்தடியை ஊன்றிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். "அண்ணா, அதைக் கழட்டிப் பாரு. வண்டி தானா நின்னுச்சுன்னு அவர் சொன்னாரே, அதை யாராவது கேட்டீங்களா?" என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா?

உதைத்தேன். மூன்றாவது உதையில் எடுத்துக்கொண்டது. பெட்ரோலைக் கூட்டித் தருகிற சோக்கை இழுத்திருந்தவரை ஒழுங்காக ஓடியது. சூடு ஏறியதும் சோக்கை விட்டேன். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விட்டால் ஐடிலிங் ஒரே சீராக நிற்கவே இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது, இருமுகிறது, அணைகிறது. என் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, டேங்க் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பேன். தண்ணீர் சிந்தாமல் நின்றால்தான் வண்டியை ஒப்படைப்பேன். மச்சான், வண்டிக்குத் தாகமா என்று நீங்கள்கூடக் கிண்டல் செய்வீர்கள். அன்றைக்கு டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. நல்லவேளை, தங்கச்சி பிடித்தாள்.

ப்ளக்கைக் கழற்றினேன். வெளுத்துப் போயிருந்தது. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் நான் அங்கே போகவில்லை. கார்புரேட்டரை இறக்கி, அடிக்கிண்ணத்தைத் திறந்து, பெட்ரோல் வருகிற ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு துரும்பு அடைத்திருக்காதா, கொஞ்சம் துரு வராதா என்று கும்பிடாத குறைதான். ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. நம்பாமல் ஒரு ஊது ஊதிவிட்டு மறுபடியும் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது. பெட்ரோல் குழாய், ஏர் ஃபில்டர், வால்வு இடைவெளி எல்லாம் பார்த்தேன். பழி போட ஒன்றுகூட அகப்படவில்லை. "எல்லாம் நல்லா இருக்குன்னா அப்புறம் ஏன் நிக்குது?" என்றாள் தங்கச்சி.

இனி ஒரே ஒரு இடம்தான் பாக்கி. கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கிற அந்தக் கட்டை ரப்பர். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி வண்டியை ஓடவிட்டு, ஊசிக் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் எடுத்து, ரப்பருக்கு அடியில் இரண்டு சொட்டு விட்டேன். இருமிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று சீராகி, சத்தம் ஏறியது. ரப்பரில் இருந்த விரிசல் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது, அந்தப் பெட்ரோலையும் இழுத்துக்கொண்டது. "இப்ப சத்தம் மாறுச்சே, அதுதானே?" என்றாள். அதுதான் என்றேன்.

மாப்பிள்ளை, அந்த விரிசலை நான் அன்றுதான் பார்த்தேன் என்று எழுதினால் என் கை அழுகிப் போகும். நீங்கள் விழுவதற்கு ஒரு வாரம் முன்னால், சிக்னலில் வண்டி நின்று நின்று போகிறது என்று கொண்டுவந்தீர்களே, அன்றே பார்த்துவிட்டேன். புது ரப்பர் கைவசம் இல்லை. வெளியாள் வண்டியாக இருந்தால் பிடித்து வைத்துக்கொண்டு, ரப்பர் வந்த பிறகுதான் விட்டிருப்பேன். சொந்தக்காரர் வண்டிக்கு என் பட்டறையில் எப்போதும் கடைசி இடம். மாப்பிள்ளை நம்மாள்தானே, என்ன கேட்டுவிடப் போகிறார் என்கிற அலட்சியம். பழைய சைக்கிள் ட்யூப்பை நறுக்கி விரிசல் மேல் சுற்றி, கம்பியால் கட்டினேன். ஐடிலிங் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று ஏற்றிவிட்டேன். டம்ளர் நின்றது. ஸ்பீடு கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கிறதே மச்சான் என்று நீங்கள் கேட்டீர்கள். பழைய வண்டி அப்படித்தான் கத்தும், ராஜா மாதிரி ஓட்டுங்க என்று முதுகில் தட்டி அனுப்பினேன். ஒட்டுப் போட்டதைச் சொல்லவே இல்லை.

இதைவிடக் கேவலமானது இன்னொன்று இருக்கிறது. விழுந்த வண்டியை அன்று பட்டறையில் கொண்டுவந்து போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவதற்கு முன் நான் குனிந்து பார்த்தேன். சூட்டில் ட்யூப் தளர்ந்து, கம்பியோடு ஒரு பக்கமாகத் தொங்கியது. பிய்த்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்பா உங்களைத் திட்டும்போது அது என் பையில்தான் இருந்தது.

எல்லாவற்றையும் தங்கச்சியிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். "நாலு மாசமா ஒவ்வொரு போன்லயும் அவர் என்கிட்ட மன்னிப்புக் கேக்குறாருண்ணா" என்றாள். கைத்தடியை எட்டி எடுத்துக்கொண்டே, "இதை நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றாள். எழுந்தபோது கை கொடுத்தேன். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இப்போது தினமும் உங்கள் எண்ணை அழுத்துகிறார், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறார். ஒருநாள் தவறிப்போய் அடித்துவிட்டால் எடுத்துப் பேசுங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் இருமிக்கொண்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புது ரப்பர் மாட்டிவிட்டேன். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டேன். அரை மணி நேரம் ஓடியது, டம்ளரில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒட்டுப் போட்ட அன்றும் அது சிந்தாமல்தானே நின்றது. சாவி இப்போது தங்கச்சியின் கைப்பையில் இருக்கிறது. யாருக்கும் தருவதில்லை. அவர் வந்து ஓட்டட்டும், நான் பின்னால் உட்காருகிறேன் என்று எனக்குக் கேட்கும்படி அப்பாவிடம் சொன்னாள்.

அந்த ட்யூப் துண்டையும் வெடித்த ரப்பரையும் இதோடு வைத்திருக்கிறேன். ரப்பரைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள், வாயைப் பிளக்கும். யார் கேட்டாலும் காட்டுங்கள், என் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்.

என்னை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. வந்து நாலு அறை விடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வாருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அடுத்த முறை தங்கச்சியிடம் பேசும்போது அவளிடம் மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள், மாப்பிள்ளை. இத்தனை நாளும் நீங்கள் கேட்டது நான் கேட்க வேண்டியதை.

இப்படிக்கு,
உங்களைத் தலைகுனிய விட்டுப் பக்கத்தில் நின்ற
மச்சான்