பதினேழாம் நம்பர் கல்

3-9-62, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, உங்கள் காலில் விழுகிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகையால் அப்பாவும் அம்மாவும் இதைப் படித்துவிடுவார்கள் என்ற பயம் இல்லை. மற்ற எல்லாப் பயமும் இருக்கிறது.

புது வாத்தியார் அருணாசலம் சார் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையேறி வந்து ஒரு வாரம் ஆகிறது. அவருடைய மூச்சு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. சுவரில் மாட்டும் படச்சுருள் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். ஆறாம் வகுப்புக்கு இனி இங்கிலீஷ் பாடம், படத்தைப் பார்த்துத்தான். தமிழில் அர்த்தம் சொல்ல மாட்டாராம், நாங்களும் தமிழில் வாய் திறக்கக் கூடாதாம். இதை மட்டும் தமிழில் சொன்னார்.

5-9-62

மாட்டைக் காட்டி கவ். மரத்தைக் காட்டி ட்ரீ. நன்றாகவே புரிகிறது. அப்புறம் ஒரு குடும்பப் படம். வீட்டுக்குள் எல்லாரும் செருப்பு போட்டிருக்கிறார்கள். அப்பா நாற்காலியில் பேப்பர் படிக்கிறார். "மை ஃபாதர் ஈஸ் ரீடிங்" என்று இருபது பேரும் கத்தினோம். மலையில் எங்கள் பெரக்கரை நாடு முழுக்கத் தேடினாலும் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர் அருணாசலம் சார் ஒருவர்தான். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். மண்வெட்டி பிடிப்பதுபோலவும் சுமை தூக்குவதுபோலவும் ஆடிக் காட்டினார். அவரவர் அப்பா செய்யும் வேலையை வரைந்து வர வேண்டுமாம். அதற்குரிய இங்கிலீஷை அவர் எழுதித் தருவாராம்.

11-9-62

நல்லமுத்து அவன் அப்பா தூங்குவதை வரைந்திருந்தான். ஸ்லீப்பிங். உண்மையைத்தான் வரைந்தான், பாவம்.

என் படம்தான் முதல்! அப்பா கோடாரியோடு மரம் வெட்டுகிறார். பின்னால் எங்கள் சாமைக்காடு. பக்கத்தில் வெள்ளையடித்த கல், அதன் மேல் 17. இலைச்சாறு தடவிப் பச்சை ஏற்றினேன். சார் "வெரி குட், கண்ணாயி!" என்று அடியில் "மை ஃபாதர் ஈஸ் கட்டிங் எ ட்ரீ" என எழுதி, வாசலுக்கு நேரே சுவரில் ஒட்டிவிட்டார்.

12-9-62

பெருமையாக வீட்டில் சொன்னேன். களி கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

"கல்லையுமா போட்ட?"

"நம்பரும் போட்டேன்மா."

"உங்கொப்பன் ஒளிச்சு ஒளிச்சு வெள்ளாம பண்றான். நீ செவுத்துல ஒட்டிட்டு வந்திருக்கற."

அந்தக் கல்லுக்கு மேலே சர்க்கார் காடு. எங்கள் சாமை கல்லுக்கு மேலே இருக்கிறது. போன வருடம் இதே மாதிரி வெட்டித் திருத்திய சின்னான் மாமா மூன்று மாதம் சேலம் ஜெயிலில் இருந்தார். அவருடைய வெள்ளாமையைப் பன்றி தின்றது. வெள்ளிக்கிழமை காட்டிலாகா ரேஞ்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார், மரம் நட! கூடவே காட்டைக் காக்கும் கார்டு குப்புசாமியும்.

"அந்தக் கல்ல இன்னுங் கொஞ்சம் மேல நட்டிருந்தா நமக்கேது திருட்டுப் பட்டம்" என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா கோடாரியை எடுத்துப் பரண் மேல் வைத்தார். பிறகு, "படம் நல்லா வந்துச்சா, சாமி?" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

13-9-62

படத்தைக் கிழித்தால் சார் பள்ளிக்கூடத்திலிருந்து பெயரை வெட்டிவிடுவார். தமிழில் சொன்னால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, சார் ராத்திரிச் சாப்பாடே கார்டு வீட்டில்தான், நான் சொன்னது சோற்றோடு அங்கே போய்ச் சேரும். இருக்கிற இங்கிலீஷை வைத்துக் கெஞ்சிப் பார்த்தேன். என்னிடம் இருப்பது என்ன? மாடு, மரம், குடை.

"சார், ஃபாதர்... நோ ட்ரீ. நோ ட்ரீ சார்."

"நோ, நோ! மை ஃபாதர் ஈஸ் கட்டிங் எ ட்ரீ. எகெய்ன்!"

வகுப்பு முழுவதையும் மூன்று தடவை சொல்ல வைத்தார். ரோட்டில் போகிறவனுக்கும் கேட்டிருக்கும்.

அர்த்தம் சொல்லாமலே புரியும் என்றாரே. எல்லாருக்கும் புரியும். அதுதானே பயம்.

14-9-62, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் வகுப்பு கூட்டும் முறை என்னுடையது. முன்னதாகப் போனேன். விளக்குக் கரியால் அப்பாவுக்கு மீசை வைத்தேன். காப்பித்தண்ணி தொட்டு வேட்டியைக் காக்கி நிக்கர் ஆக்கினேன். தலையில் தொப்பி. மை ஃபாதர் என்ற இடத்தில் கஞ்சி தடவி ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினேன். சார் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்த இங்கிலீஷ் ஒன்றுதான்: கார்டு. குப்புசாமி வீட்டுப் பலகையில் பார்த்த எழுத்தையே எழுதினேன்.

வேறொன்றும் நினைக்கவில்லை, சத்தியமாக. காக்கி போட்டவர் மரம் வெட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?

ரேஞ்சர் கேட்டார்.

முதலில் சிரித்தார். "குப்புசாமி, உன்ன மாதிரியே இருக்குதே." பிறகு குனிந்து பார்த்தார். "பதினேழா? அங்க இருந்த வேங்கை மரம் காத்துல சாஞ்சுதுன்னுதானே எழுதிக் குடுத்த?"

"ஆமாங்க. காத்துதானுங்க."

"காத்துக்கு மீசை இருக்கும்போல."

கார்டு வீட்டுப் புதுக் கட்டில் எந்த மரம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ரேஞ்சருக்கு மட்டும் தெரியாது. இப்போது அவருக்கும் தெரியும்.

அருணாசலம் சாருக்கு உடனே தமிழ் வந்துவிட்டது. "நான் ஒட்டுன படம் இது இல்லீங்க! காத்தான் மகள் கண்ணாயி வரைஞ்சதுங்க!" என்று என்னைக் கை காட்டினார். கார்டு என்னைப் பார்த்த பார்வை...

"திங்கக்கெழம நானே போயி அந்தக் கல்லப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ரேஞ்சர் மரக்கன்று நட்டார். எல்லாரும் கை தட்டினோம்.

கல்லைப் பார்த்தால் அதற்கு மேலே கார்டு வெட்டிய வேங்கையின் அடிமரமும் தெரியும். சாமையும் தெரியும். கெட்டிக்காரி நான்.

15-9-62

விடிந்ததிலிருந்து மூன்று பேரும் அறுத்தோம். பால் வற்றாத கதிர். கால்வாசிகூட ஆகவில்லை.

16-9-62, ஞாயிறு

இன்றும் அறுத்தோம். பாதி நிற்கிறது. நாளை விடிந்தால் ரேஞ்சர். அம்மா அப்பாவின் வேட்டி ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

என்னால்தானே?

யாரோ வருகிறார்கள். நாய் குரைக்கிறது. டார்ச் வெளிச்சம். கார்டு!

அவர் எங்கள் கதவைத் தட்டியதே கிடையாது. காலால் உதைத்து, "டேய் காத்தா" என்பார். இப்போது கையால் தட்டுகிறார். மெதுவாக.

"ஏனுங்க... காத்தானுங்களே, தூங்கிட்டீங்களா? கடப்பாரை இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க. அந்தக் கல்லு கொஞ்சம் மேல