பூட்டியாச்சு

இன்று காலை ஒரு வேனின் முன்சக்கரத்தைக் கழற்றக் குனிந்தேன் மச்சான். ஸ்பேனரை வைப்பதற்கு முன்பே, விரல் பட்டதும் ஒரு நட் சுழன்று கையோடு வந்துவிட்டது. வேறெங்கோ யாரோ இறுக்காமல் விட்டது. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் மற்ற நட்டுகளையும் ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தேன். நீ போய் ஒரு வருடமாகிறது. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அலுவிகாரை கராஜில் நாம் இருவரும் ஒரே திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தோம். நீ மாத்தளை டவுன்காரன், நான் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்தவன். இரண்டு பேருக்கும் இருபது வயது, கையில் பயிற்சிச் சான்றிதழ், வாய் மட்டும் இந்த நீளம். சேர்ந்த ஐந்தாவது வாரம், பாஸ் சாமான் வாங்கத் தம்புள்ளைக்குப் போயிருந்த நேரத்தில் லக்கலைக்காரர் ஒருவர் வேனைக் கொண்டுவந்தார். முன் பிரேக்குக்குப் பேட் மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து மகளையும், பிறந்து நான்கு நாளான பேரனையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கமுள்ள ஊருக்குப் போகிறார். போனில் கேட்டதற்கு, கவனமாகச் செய்யுங்கள் என்றார் பாஸ். நமக்குத் தலைகால் புரியவில்லை. முதல்முதலாக ஒரு வண்டி, நம் இருவர் கையில்.

வலப்பக்கம் நான், இடப்பக்கம் நீ. உனக்கு ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டே, "பூட்டியாச்சு மச்சான், பாத்துக்க" என்றுவிட்டு ஓடினாய்.

உங்கள் வீட்டில் பூட்டுவது என்றால் ஒரு சாமானை அதன் இடத்தில் பொருத்துவது. எங்கள் லயத்தில் அதற்கு மாட்டுவது என்போம். எங்களுக்குப் பூட்டியாச்சு என்றால் கதவைப் பூட்டி, இழுத்தும் பார்த்து, சாவியை இடுப்பில் செருகியாயிற்று என்று அர்த்தம். நீ சொன்னது, நட்டுகளை விரலால் திருகி வைத்திருக்கிறேன், ஜாக்கை இறக்கிவிட்டு நீ இறுக்கு என்பது. நானோ ஜாக்கை இறக்கினேன், வேன் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

தொழுதுவிட்டுத் தொப்பியோடு வந்தவன், இறுக்கினாயா என்று கேட்டாய். நீதானே பூட்டியாச்சு என்றாய் என்றேன். உடனே நீ லக்கலைக்காரருக்குப் போன் போட்டாய். அடித்தது, அவர் எடுக்கவில்லை. இரண்டாவது முறை அடிக்கவும் இல்லை. வண்டி போய் முக்கால் மணி நேரம். இறத்தோட்டையைத் தாண்டிவிட்டால் மலை. ஏறினால் வளைவு, இறங்கினால் அதைவிட வளைவு.

உன் பைக்கில் பறந்தோம். வீல் ஸ்பேனரை மடியில் அணைத்துக்கொண்டு நான் பின்னால். நீ ஓதிக்கொண்டே ஓட்டினாய், நான் முத்துமாரியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ரோட்டைப் பார்க்கவில்லை, பள்ளத்தைத்தான் பார்த்தேன். எதிரே வந்த பஸ் டிரைவர் கையைக் காட்டித் திட்டினார். ஏதோ சொல்ல வருகிறார், மேலே ஏதோ நடந்துவிட்டது என்றே எனக்குப் பட்டது.

இறத்தோட்டைக்கு மேலே ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் வேன் நின்றது. மகளுக்கு வாந்தி வந்ததால் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வாந்தியும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்! இடது முன்சக்கரத்தில் ஐந்து நட்டில் இரண்டைக் காணவில்லை. மற்ற மூன்றும் விரலுக்கே ஆடின. நீ பின்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு நட்டைக் கழற்றி முன்னால் போட்டு, உன் முழுப் பாரத்தையும் ஸ்பேனரில் வைத்து இறுக்கினாய். வழியெல்லாம் டொக் டொக் என்று சத்தம் கேட்டதாம், கல் என்று நினைத்தாராம். எந்தப் பயல் இதைச் செய்தது என்று லக்கலைக்காரர் சிங்களத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீ "மம" என்றாய். நான்தான் என்று. அவர் கை உன் கன்னத்தில் விழுந்தது. தொப்பி கீழே விழுந்தது. உள்ளே குழந்தை அழுதது.

திரும்பி வரும்போது, பாஸிடம் நானும் சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே சொல்ல நினைத்தேன், நம்பு. நீ பைக்கை நிறுத்தினாய்.

"நீ ஒன்னும் பேசாத. எனக்கு வாப்பாட கட ஈக்குது. ஒனக்கு என்ன ஈக்குது?"

எனக்கு இருந்தது இந்த வேலை மட்டும்தான், நான் பாஸிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம் பாஸ் உன்னைச் சாமான் கழுவ மட்டுமே விட்டார். அந்த இரண்டு மாதமும் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்ஜினைத் திறந்தார். என் தொழில் தொடங்கியது அப்படித்தான், உன் கன்னத்தில் ஏறி நின்று. நீயோ அதையும் வேடிக்கையாக்கிவிட்டாய். என் பெயரே உனக்குப் "பூட்டியாச்சு" ஆகிவிட்டது. ஒரு சொல்லால் வந்த வினை என்று நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பாய். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன், வெட்கங்கெட்டவன்.

போன வருடம் டெங்கு உன்னை ஆறு நாளில் கொண்டுபோனது. உங்கள் வீட்டு வாசலில் பாஸ் யாரிடமோ, "நல்ல புள்ளங்க. அந்த ஒரு நாளு மட்டும் கவனமில்லாம இருந்துட்டான்" என்றார். பக்கத்தில் நின்றேன். அப்போதும் என் வாயில் கொழுக்கட்டை.

இன்று அந்த நட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பாஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கார்பரேட்டரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கிட்ட சொல்லி என்னடா? அறைஞ்சது நானா, அறை வாங்குனது நானா?"

அதனால் உன்னிடம் சொல்கிறேன். சொல்லால் வந்த வினை இல்லை மச்சான் அது. நீ ஓடும்போது சக்கரம் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தை யாரும் இறுக்கி முடிக்க மாட்டார்கள், தரையில் இறக்கித்தான் முடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஜாக்கை இறக்கும்போதே சந்தேகம் வந்தது. வெயிலில் குழந்தை அழுதது, லக்கலைக்காரர் ஹார்ன் அடித்தார், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது. தெரிந்துதான் சாவியைக் கொடுத்தேன்.