இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஓர் ஒட்டு

ஏங்க,

ஹால்ல இருக்கிற இஸ்திரிப் பெட்டியை எடுத்துடாதீங்க. அதுக்கு அடியில நம்ம ரப்பர் படகுக்கு நான் இன்னைக்குப் போட்ட ஒட்டு இருக்கு. பசை காய நாளைக்குக் காலை வரைக்கும் ஆகும். அதுக்குள்ள காத்தடிச்சுப் பாக்க வேண்டாம். இன்னைக்கு ஒரு நாள் சட்டையைக் கசங்கலாவே போட்டுக்கங்க.

பதினோரு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். படகை மிதிச்சுக்கிட்டுப் போகாம பாத்துக்கங்க. சூப் அடுப்பு மேலயே இருக்கு, சூடு பண்ணினா போதும்.

நீங்க படகைக் கரையில கல்லு மேல இழுத்துட்டு வந்ததாலதான் ஓட்டைன்னு மூணு நாளா உங்களைக் கரிச்சுக் கொட்டினேன். நீங்க வாயே திறக்கலை. இன்னைக்குக் காலையில சோப்புத் தண்ணி தடவிப் பாத்தேன். அடியில ஒரு கீறல்கூட இல்லை. குமிழி வந்தது உள்பக்கம், நான் உக்கார்ற இடத்துல. பக்கத்துலயே ரெண்டு பழைய ஒட்டு, மூலையெல்லாம் வட்டமா வெட்டி ஒட்டின உங்க கைவேலை. என் பேன்ட் பின்பாக்கெட்ல எப்பவும் கிடக்குமே சாவிக்கொத்து, அதை ஓட்டை மேல வெச்சுப் பாத்தேன். அளவெடுத்த மாதிரி பொருந்துது.

தெரிஞ்சுதானே ரெண்டு தடவை ஒட்டினீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? மன்னிப்புக் கேக்கக்கூட இப்ப எனக்குத் தெம்பில்லை. வேலைக்கு நேரமாச்சு.

இடமில்லை, ஓரத்துல எழுதறேன்: சாவிக்கொத்தை ஆணியில மாட்டிட்டுத்தான் போறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பெல் அடிப்பேன். பேசாட்டாலும் பரவாயில்லை, கதவை மட்டும் திறந்துடுங்க.