ஜெயகௌரியின் இடம்

ஜனவரி 11, ஞாயிறு
ஈஸ்ட் ஹாம் மண்டபத்தில் இன்றைக்கும் ஒரு பொன்னாடை. ஜெயகௌரிக்குத்தான், வேறு ஆருக்கு? சண்டைக்குள் பள்ளிக்கூட வகுப்பறையையும், பிறகு தறப்பாள் கூடாரத்தையும் ஆஸ்பத்திரியாக்கிய முதல் தாதி. பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்கு மேசையில் பிள்ளைப்பேறு பார்த்தவள். லண்டனுக்கு வந்து நிவாரண அமைப்பைத் தொடக்கியவள். எல்லாம் உண்மை. அதுதான் எரிச்சல்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தாதிப் படிப்புப் படித்தோம். ஊசி போடுவதில் என் கைதான் திறம் என்று ஆஸ்பத்திரி மேற்றன் சொல்லுவா. நான் கலியாணம் கட்டி இங்கே வந்து இத்தனை வருசம் வார்டில் நின்றேன். ஒருத்தரும் ஒரு துவாய்த் துண்டுகூடப் போர்த்தவில்லை.

காரில் இவர், "அவவைப் போல ஆராலை ஏலும்?" என்கிறார். வீட்டுக்கு வந்து நேற்றைய புட்டைச் சூடாக்கிக் கொடுத்தேன். சாப்பிடட்டும்.

ஜனவரி 14
வன்னியில் வெள்ளம். அமைப்பு மருத்துவக் குழு அனுப்புகிறது. மூத்த தாதி ஒருவருக்குத்தான் இடம். தலைவர் ஞானேஸ்வரன் அண்ணைக்கு போன் எடுத்து, நான் போறன் என்றேன்.

"ஜெயகௌரி இருக்கேக்க வேற ஆரைத் தங்கச்சி அனுப்புறது?"

ஏன், எனக்குக் கை இல்லையோ? ஒருக்கா, ஒரே ஒருக்காவது என்ர சனத்துக்கு நான் மருந்து கட்டக் கூடாதோ?

ஜனவரி 15
பொங்கல். அவளும் வாழ்த்து அனுப்பியிருந்தாள். பதில் போடேல்லை.

ஜனவரி 18
பயிற்சி நாள். கூடாரம் போட்டுப் பழகினோம். குழுவோடு வாற பெனடிக்ற் கூடாரத் தறப்பாளை உதறி விரித்தான், படபடவென்று சத்தம். ஜெயகௌரி பாதிக் கதையில் எழும்பி வெளியே போனாள். பெரியாள் நடப்புக் காட்டுறாள் எண்டு நினைச்சுக்கொண்டு பின்னால போனன்.

தன் காருக்குள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள். உடம்பெல்லாம் நடுக்கம்.

"தறப்பாளுக்குக் கீழ என்னாலை நிக்க ஏலாது சந்திரா. செத்ததுகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால வரும். எனக்குப் பதிலா நீ வன்னிக்குப் போ. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. நான் பயந்தவள் எண்டால் அமைப்பை ஆர் நம்புவினம்?"

எனக்கு முதல்ல வந்தது இரக்கமில்லை. சந்தோசம். என்ன பிறவி நான்?

ஜனவரி 20
நடுங்கேக்கையும் அவள்தான் பெரியாள். சண்டைக்குள் நிண்டவளுக்கு வந்த அந்த நடுக்கம்கூட எனக்கு வாய்க்கேல்லை.

ஜனவரி 25
கூட்டம். அவளுக்குப் பதிலாக நான் போவதை அறிவித்துவிட்டு, "ஏன் பிள்ளை நீ போகேல்லை?" என்று ஞானேஸ்வரன் அண்ணை எல்லாருக்கும் முன்னால் அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வசனம் போதும், நாக்கு நுனியில் நின்றது. அதற்குப் பிறகு ஒருத்தரும் அவளுக்குப் பொன்னாடை போர்த்த மாட்டினம்.

"நான்தான் கரைச்சல் குடுத்து அவளிட்டை இடத்தை வாங்கினனான்," என்றேன்.

காரில் இவர், "அவவிட்டைப் போய் மன்னிப்புக் கேள்," என்றார்.

ஜனவரி 31
நாளைக்குப் பயணம். சந்திரவதனா எரிச்சல் பிடிச்சு ஜெயகௌரியின்ர இடத்தைப் பறிச்சிட்டாள் எண்டு ஊரெல்லாம் கதையாம். மகள் கௌசி போனில் அழுதாள்.

"பொய்தானே அம்மா?"

"பாதி," எண்டன்.

எந்தப் பாதி எண்டு அவள் கேக்கேல்லை.