உப்பு வெந்நீர், நாளையிலிருந்து

மிஸி,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு ஒரு கல்யாணப் பந்தியில், நான் சொன்ன நகைச்சுவைக்கு நானே சிரித்ததில், மேல்வரிசைப் பல் செட்டு கழன்று பக்கத்து இலைப் பாயசத்தில் விழுந்தது. அந்த மனிதர் முந்திரி என்று எண்ணி விரலை நீட்டினார். பத்திரிகையில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

விரிசல் விட்ட செட்டோடு மறுநாள் நம் பழைய பல் கிளினிக்குக்குப் போனேன். கதவைத் தள்ளியதும் அதே கிராம்புத் தைல வாசம். இல்லாத பற்களெல்லாம் ஒருசேரக் கூசின. பிறகுதான் சுவரைப் பார்த்தேன். புதுப் போர்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு: 'பல் பிடுங்கிய அன்று வாய் கொப்புளிக்காதீர். உப்பு வெந்நீர், நாளையிலிருந்து.' கீழே டாக்டரின் பெயர்.

"இது யாரம்மா சொன்னது?" என்று சீட்டு எழுதும் பெண்ணைக் கேட்டேன்.

"பெரிய டாக்டர் கண்டுபிடிச்சது, அங்கிள்."

அங்கிள் என்றதற்கு ஒரு கோபம். கண்டுபிடிச்சது என்றதற்கு ஒன்பது கோபம். பல் இருந்திருந்தால் அந்தச் சட்டத்தைக் கடித்திருப்பேன்.

மெர்டேக்கா சுதந்திரத்துக்கு முந்திய வருஷம் அவள் உட்கார்ந்த நாற்காலியில் நான்தான் சீட்டு எழுதும் கிராணி. நீங்கள் நர்ஸ், ஊருக்கெல்லாம் மிஸி. பல் பிடுங்கிக்கொண்டவர்கள் கையில் நான் ஒரு அச்சுச் சீட்டைக் கொடுப்பேன். வீட்டுக்குப் போன உடனே உப்பு வெந்நீரில் கொப்புளிக்கச் சொல்லும் சீட்டு. அப்படியே செய்தவர்கள் பலர் மூன்றாம் நாள் தாடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். வீட்டிலும் மலாயே பேசும் காஜா பெராங் செட்டி அம்மாள் ஒருவர், கெபாயாச் சட்டையும் வீங்கிய கன்னமுமாக, "சாகிட், மிஸி! சாகிட்!" என்று வலி தாங்காமல் மலாயில் அலறியது தெருமுனை வரை கேட்டது.

"பல் போன குழியில ரத்தம் உறைஞ்சு மூடி போடுது, கிராணி. நம்ம சீட்டு அந்த மூடியைக் கழுவச் சொல்லுது. வலிக்காம என்னா செய்யும்?" என்றீர்கள்.

"அப்போ சீட்டைக் கிழிச்சிரலாமா மிஸி?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்லா. மொதல்ல உண்மைதானான்னு தெரிஞ்சிக்கணும்."

உங்கள் ஏற்பாடு இது: திங்கள், புதன் வருகிறவர்களுக்குச் சீட்டில் உள்ளபடி. மற்ற நாள்களில் வருகிறவர்களுக்கு, கொப்புளிப்பது மறுநாளிலிருந்து. சம்மதம் கேட்டுத்தான் நோட்டில் பெயர் எழுதினீர்கள். மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, காஜா பெராங்கிலிருந்து கிளேபாங் கடலோரம் வரை வீடு வீடாக அதே கேள்வி: "வலிச்சிச்சா? எனக்காகச் சொல்லாதீங்க, உள்ளதைச் சொல்லுங்க." கல்யாணமாகாத மிஸி மாப்பிள்ளை தேடி சைக்கிள் விடுகிறாள் என்று ஊர் பேசியது. அதைப் பரப்பியதில் எனக்கும் சிறு பங்கு உண்டு, மன்னியுங்கள். பரிகாரமாக என் கடைவாய்ப் பல் ஒன்றையும் ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் நோட்டுக்குக் கொடுத்தேன்.

நோட்டு நிறைந்தது. மறுநாள் கொப்புளித்தவர்கள் பக்கத்தில் 'வலி இல்லை' என்பது வரிசையாக இறங்கியது.

அதற்குள் கொடி மாறியது. வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறினார்; நம்மவர் வந்து உட்கார்ந்தார். இனி நம் பேச்சு ஏறும் என்று நான் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். நம்மவர் நோட்டை நான்கு பக்கம் புரட்டினார்.

"மிஸிக்கு எதுக்கு இந்த வேலை? இந்த ஜனங்க, நீ என்ன கேக்க ஆசைப்படுறியோ அதையே சொல்லுவாங்க. இதெல்லாம் ஆராய்ச்சியா?"

"ஆராய்ச்சின்னு நான் சொல்லலை, டாக்டர். வலி குறையுதுன்னு சொல்றேன். நீங்களே பத்துப் பேருகிட்ட கேட்டுப் பாருங்க."

அவர் கேட்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணிக் கிளாஸையே நோட்டின் மேல் வைத்தார். அடுத்த மாதம் உங்களை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான் பழைய சீட்டையே கொடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தாடை, மிஸி! ஒவ்வொன்றுக்கும் என் கையால் ஒரு சீட்டு.

போன வருஷம் உங்கள் இரங்கல் கூட்டத்தில் அதே டாக்டர், "அடக்கமான மிஸி" என்று கண்ணைத் துடைத்தார். அடக்கமாம்! அவர் மேஜைக்கு முன்னால் நின்று அவரையே பத்துப் பேரிடம் போய்க் கேட்கச் சொன்னவர் அடக்கமானவரா? ஜனங்கள் பொய் சொல்வார்கள் என்றவர், அதே ஜனங்களின் பதிலைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்!

உங்கள் தங்கை கொடுத்து அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அட்டையில் தேத்தண்ணி வட்டம் இன்னும் போகவில்லை. இதை அவர் மேஜையில் போட்டு, "யார் பொய் சொன்னது, காட்டுங்க பார்ப்போம்" என்று கேட்கப் போகிறேன். மூன்று நாளாகச் சட்டையை மாட்டுகிறேன், வாசலோடு திரும்புகிறேன்.

கடைசிப் பெயர் என்னுடையது. எதிரே உங்கள் கையெழுத்தில் 'வலி இல்லை'. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் என் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்டீர்கள், இல்லை என்றேன். நீங்கள் சொன்னபடி மறுநாள்தான் கொப்புளித்தேன், மிஸி. நான்கு நாள் வலித்தது.