குழல் பாட்டுக்கு விழாத ஓட்டு

மார்ச் 4, செவ்வாய்

கீழ்ப்பல் செட் ஒன்று கடிக்கும்போது இடிக்கிறது என்று பல் டாக்டர் எங்கள் லேபுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். மெழுகில் நான் சரியாகத்தான் பல்லை அடுக்கியிருந்தேன். வாயில் அளவெடுத்தது அவர். பேச்சு வாங்கியது நான்.

வீட்டுக்கு வந்து, அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ரசிகர் குழுவில் ஒரு செய்தி. பெரியவர் – எங்கள் பாடகரை அப்படித்தான் சொல்வோம் – ஏப்ரல் கச்சேரியில், மேடையில் பாடாத பழைய பாட்டு ஒன்றை எங்களுக்காகப் பாடப்போகிறாராம். எது என்று குழு ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டுமாம்.

குழல் பாட்டு! வெளியே வராத ஒரு படத்தின் பாட்டு. எத்தனை கச்சேரியில் எழுந்து நின்று கத்தியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். ரேடியோவில் எப்போதாவது வரும். அக்காவும் நானும் ஒரே கட்டிலில், நடுவில் ரேடியோவை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் கேட்போம்.

அந்தச் செய்தியை இதுவரை நாலு தடவை படித்துவிட்டேன். சின்னப் பிள்ளையா நான்?

மார்ச் 6

வெளிநாட்டிலிருந்து அக்கா ஃபோன். அவளும் ரசிகர் குழுவில் இருக்கிறாள். விமான டிக்கெட்டே போட்டுவிட்டாளாம். "பத்து நாள் லீவு கெடச்சிருக்குடி. குழல் பாட்ட நேர்ல கேக்காம செத்தா என் கட்டை வேகாது."

அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது லீவு கிடைக்கவில்லை. ஆபரேஷனுக்கும் கிடைக்கவில்லை. பாட்டுக்குக் கிடைத்துவிட்டது. சரிக்கா என்றேன்.

என்னைப் பார்க்கவா வருகிறாள் என்று அப்பா கேட்டார். ஆமாம்பா என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

செய்துவிட்டேன். போட்டியில் இருக்கும் இன்னொரு பாட்டான ரயில் பாட்டுக்கு ஓட்டுப் போடச் சொல்லி ஒரு பக்கத்துக்கு எழுதி குழுவில் போட்டிருக்கிறேன். ரயில் பாட்டு எனக்கு ஆகவே ஆகாது. நடுவில் கோரஸ்காரர்கள் 'கூ' என்று கூவுவார்கள், காதைப் பொத்திக்கொள்ளலாம். அதைப் போய், அவர் குரல் தொட்ட உச்சம், கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது என்றெல்லாம் அளந்துவிட்டிருக்கிறேன்.

அக்காவுக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான். அப்பாவைப் பார்க்க வராதவளுக்குப் பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது?

எனக்கும்தானே கிடைக்காது? – ரயில் ஜெயித்தால்தானே! குழுவில் பாதிக்கு மேல் குழல் பாட்டுக்காகத் தவம் கிடக்கிறவர்கள். ரயில் தோற்கும், நானும் ஆசை தீரக் கேட்பேன். அக்காவுக்கு நாலு நாள் வயிற்றில் புளியைக் கரைத்ததாகவும் இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

இன்று ஓட்டு முடிந்தது. காலையில் குழல்தான் முன்னால். நிம்மதியாக வேலைக்குப் போனேன். சாயங்காலம் பார்த்தால், வெளிநாட்டு எண்களாக வரிசையாக வந்து ரயிலுக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கிருந்து முளைத்தார்கள்? அக்கா வேலையோ? இருக்காது, அவளுக்குக் குழல் பாட்டு என்றால் உயிர்.

ரயில் ஜெயித்துவிட்டது. எல்லாரும் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள்.

மார்ச் 15

மேல்வரிசை முன்பல்லைத் தலைகீழாக வைத்துவிட்டேன். இப்படி ஒருநாளும் செய்ததில்லை.

ஏப்ரல் 5, சனி

பக்கத்து வீட்டு அத்தையை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டு, அக்காவும் நானும் கச்சேரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பாட்டைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. சண்டை போடுவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன், வீண்.

ரயில் பாட்டுக்கு முன்னால் பெரியவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க குழல் பாட்டுதான் கேப்பீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு வாசிச்ச குழல்காரரையே தேடிப் பிடிச்சு, ஒரு வாரம் ஒக்காந்து பாடிப் பாத்தேன். நீங்க ரயில கேட்டுட்டீங்க. பரவால்ல."

சபை சிரித்தது. குழல்காரர் வயதானவர். மடியில் குழலை வைத்துக்கொண்டு ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். பாட்டு முடியும்வரை அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழல் பாட்டு என்று எழுந்து கத்தலாமா என்று பார்த்தேன், ஆனால் ரயிலுக்கு ஓட்டுக் கேட்டு எழுதியவளே நான்தானே. 'கூ' வந்தபோது முன்வரிசைக் குழுக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். அக்காவும் கூவினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு.

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்கா கிளம்பிவிட்டாள். பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "எங்க ஆளுங்களயெல்லாம் ரயிலுக்குப் போடச் சொன்னது நான்தாண்டி. நீ எழுதினதப் படிச்சதும், இவ்ளோ ஆசையா இவளுக்குன்னு ஆயிடுச்சு. அப்பாவ ஒத்த ஆளா பாத்துக்கற. உனக்குன்னு நான் ஒண்ணுமே செஞ்சதில்ல. என் பாட்ட விட்டுக்குடுத்தா என்னன்னு தோணுச்சு."

நான் அப்பாவின் மூத்திரப் பையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட இத்தனை மாதத்துக்கும் எனக்குக் கூலி, ஓட்டு. யாருடி ஒன்ன கேட்டா? நான் எழுதினா நம்பிடுவியா? ஒரே கட்டில்ல படுத்தவதானே, எனக்கு என்ன பாட்டு பிடிக்கும்னு தெரியாதா ஒனக்கு?

இதெல்லாம் இங்கேதான் எழுதுகிறேன். அவளிடம் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் கண் கலங்கியிருந்தது. பாட்டில்லை என்று தெரிந்த பிறகும் டிக்கெட்டை ரத்து செய்யாமல் வந்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம்தான் வருகிறது. நிம்மதியாகத் திட்டக்கூட விடமாட்டாளா?

மே 18, ஞாயிறு

பெரியவர் இனி மேடையேறப் போவதில்லை. டாக்டர் பாடக் கூடாது என்றுவிட்டாராம். குழுவில் ஒரே அழுகை.

சாயங்காலம் அக்கா பேசினாள். முதலில் அப்பாவின் முதுகுப் புண்ணைப் பற்றித்தான் கேட்டாள். ஆறி வருகிறது என்றேன். பிறகு பெரியவரைப் பற்றிப் பேச்சு வந்தது.

"போகட்டும்டி. உனக்குப் பிடிச்சதாவது கெடச்சுதே. ரொம்பப் பிடிக்குந்தானே?"

"ரொம்பப் பிடிக்கும்க்கா."

அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அன்று எடுத்த வீடியோவை உடனே அனுப்பினாள். அதற்கு நன்றியும் சொன்னேன். இனி கடைசிவரை எனக்குப் பிடித்த பாட்டு ரயில் பாட்டுதான்.